உறைகிணற்றில் தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் போன ஆடியில் தெருமுனைத் திடலில் மழைநீர் நிலத்துக்குள் ஊறிப் போவதற்காக ஓர் உறைகிணறு இறக்கியது. 3 அடி விட்டம், 15 அடி ஆழம், சிமெண்ட் உறை, ஓட்டை போட்ட மூடி. ஐப்பசி மழையில் நிரம்பிய தண்ணீர் இன்னும் அப்படியே நிற்கிறது, கொசுப்புழு நெளிகிறது. பொங்கலுக்குக் கோலப்போட்டி, உறியடி எல்லாம் அதே திடலில்தான். பந்தல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்துப் போனார்.

மோட்டார் வைத்து இறைத்து வண்டல் அள்ளினோம். அடியில் கிடந்த ஜல்லியைக் கழுவிப் போட்டோம். அப்புறம் வடிகட்டும் தொட்டியும் கட்டியாயிற்று. பலனில்லை. அள்ளிய மண்ணில் பிள்ளையாரே பிடிக்கலாம், அவ்வளவு களி. (2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழிகளும் எங்கள் தெருவில் தூர்ந்துதான் கிடக்கின்றன.) கிணறு இறக்கிய ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை. இன்னொருவர், கிணற்றின் அடியில் துளைபோட்டு மணல் அடுக்கு வரை குழாய் இறக்கச் சொல்கிறார். அதற்கு மறுபடி வீடு வீடாக வசூலுக்குப் போக வேண்டும். பொங்கல் வசூலே இழுபறி.

களிமண் பகுதியில் உறைகிணற்றுக்குள் இப்படிக் குழாய் இறக்கியவர்கள் சொல்லுங்கள்: அதன்பிறகு தண்ணீர் உண்மையிலேயே இறங்கியதா?