புதுப்பிப்பு: பிரிட்ஜ் பிக்கப் உயிரோடுதான் இருக்கிறது

என் ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிட்டாரில் மூன்று பிக்கப்கள் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்கள்). அவற்றில் பிரிட்ஜ் (கம்பிகளின் அடிப்பக்கம்) பிக்கப் ஊமை, நெக் (கழுத்துப் பக்கம்) பிக்கப் மெலிவு, நடுவிலிருப்பது மட்டும் சரி என்று முன்பு எழுதியிருந்தேன். புது பிக்கப் வாங்கச் சொன்னவர்களே அதிகம். தேவைப்படவில்லை.

எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சிலிருந்து பிரிட்ஜ் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன்: 6.4 கிலோ ஓம். இந்த வகை சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்குப் பொதுவாக 5.5 முதல் 7 வரை வரும். காயிலுக்குள் ஒயர் அறுந்திருந்தால் ரீடிங்கே வராது. அப்படியென்றால் காயில் நல்லாயிருக்கு. ஒயரைத் திரும்பப் பற்றவைத்து, ஆம்பின் (ஒலிபெருக்கி) சத்தத்தைக் குறைவாக வைத்து, ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பின் காந்தமுனையை லேசாகத் தட்டினால் சத்தமில்லை. ஆனால் ஸ்விட்ச் லீவரைப் பக்கவாட்டில் அழுத்தியபடி தட்டியதும் 'டொக்' என்று வந்தது! ஸ்விட்சுக்குள் தொடுமுனை கறுத்துப் போயிருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து லீவரை முன்னும் பின்னும் நன்றாக ஆட்டினேன். இப்போது பிரிட்ஜ் கணீரென்று கேட்கிறது.

நெக் விஷயம் வெறும் உயரம்தான். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கம்பியை அழுத்திப் பார்த்தால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி 5 மி.மீ. பிக்கப்பை உயர்த்தி அதை 2.5 ஆக்கினேன். அதற்கு மேல் ரொம்ப நெருக்காதீர்கள், காந்தம் கம்பியை இழுத்து சுருதியைக் கெடுக்கும்.

வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகும்போது மட்டும் இன்னும் கரகரக்கிறது. அதற்கும் இதே கிளீனர் போதுமா, மாற்றிவிடலாமா?