ராகி நம்ம ஊர்ப் பயிர் இல்லையா? காட்டுச் செடி எப்படி பயிரா மாறிச்சு?

ஹெப்பாள்வாசி:
பெங்களூர் மக்களே, ஒரு சந்தேகம். கூட வேலை பாக்கற கன்னட நண்பர், ராகி முத்தே (நம்ம ராகிக் களி உருண்டை) சாப்பிடறப்ப ராகியே ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததுதான்னு சொன்னார், நம்பவே முடியல. அது உண்மைன்னா இந்தப் பக்கத்து ஆளுங்க தானா காட்டுல இருந்து எடுத்து வளத்த பயிர்னு ஏதாவது இருக்கா? அப்புறம் இன்னொன்னு, ஒரு புல்லப் பாத்து இதப் பயிராக்கலாம்னு யாராவது யோசிச்சு செஞ்சாங்களா, இல்ல தானா நடந்துச்சா?

அல்சூர் தமிழன்:
நண்பர் சொன்னது சரிதான் ப்ரோ. ராகி எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலத்துப் பயிர். கம்பும் சோளமும்கூட ஆப்பிரிக்காதான், தினை சீனா. நம்ம பக்கத்து சொந்தப் பயிர்னா கொள்ளு, பாசிப்பயறு. பெல்லாரி பக்கம் கிட்டத்தட்ட 4000 வருஷத்துக்கு முந்தின புதிய கற்கால ஊர்கள்ல கருகின கொள்ளு கிடைச்சிருக்கு. அதனால ஹுருளி சாறுதான் (கொள்ளு ரசம்) இந்த மண்ணோட பழைய சாப்பாடு, முத்தே அப்புறம் வந்து சேந்துக்கிச்சு.

விதைக்காரி:
ரெண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. யாரும் திட்டம் போட்டு செய்யலன்னுதான் சொல்லணும். காட்டுக் கோதுமைல கதிர் முத்தினதும் மணி தானா உதிர்ந்து மண்ணுல விழுந்துரும், அது விழுந்தாதான் அடுத்த வருஷம் முளைக்கும். எப்பவாவது ஒரு செடில மட்டும் மணி உதிராம கதிர்லயே ஒட்டிட்டு நிக்கும், காட்டுல அந்தச் செடிக்கு வம்சம் விருத்தியாகாது. மனுஷன் அரிவாளோட வந்ததும் எல்லாம் தலைகீழாயிடுச்சு, உதிர்ந்தது மண்ணோட போச்சு, ஒட்டி நின்னதுதான் கூடைக்கு வந்துச்சு, தின்னது போக மிச்சம் இருந்தத தானே அடுத்த மழைக்கு விதைச்சிருப்பாங்க, இப்படியே வருஷா வருஷம் நடந்தா என்ன ஆகும்னு பாருங்க.

இது எவ்வளவு மெதுவா நடந்துச்சுன்னா, சீனாவுல தியான்லுவோஷான்னு ஒரு இடம், அங்க சுமார் 6900 வருஷத்துக்கு முந்தின மண் அடுக்குல உதிராத நெல் 27 சதவீதம், 300 வருஷம் கழிச்சு 39 சதவீதம். பத்துத் தலைமுறைக்கு மேல ஆகியும் அவ்வளவுதான் மாற்றம். அங்க நெல்லு பொறுக்கின பொம்பளைக்கு தன் ஆயுசுல ஒரு வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது. யாரோ ஒரு புத்திசாலி விவசாயத்த கண்டுபிடிச்சார்னு ஸ்கூல் புக்ல படிக்கற மாதிரி இல்லவே இல்ல.

கொள்ளுலயும் இதே கததான், ஆனா அங்க விஷயம் தோல்ல இருக்கு. காட்டுக் கொள்ளுக்கு தடிச்ச தோல், தண்ணி சீக்கிரம் இறங்காது, சிலது இந்த மழைக்கு முளைக்கும், சிலது அடுத்த மழைக்கு. விதைச்சு அறுக்கறவங்க கைல சிக்கினது சட்டுனு முளைச்ச மெல்லிசு தோல் விதைங்கதான். தென்னிந்தியாவுல தோண்டி எடுத்த பழைய கொள்ளு விதைகள உடைக்காமலே சிங்க்ரோட்ரான்னு ஒரு ரொம்ப சக்திவாய்ந்த எக்ஸ்ரேல பாத்தாங்க, 2017-ல வெளியான ஆய்வு, காலம் போகப் போக தோல் மெலிஞ்சிட்டே வந்தது அளந்தே தெரிஞ்சிருக்கு.

திண்டிவனத்தான்:
எள்ளு இன்னும் முழுசா அடங்கல பாருங்க. எங்க பக்கம் காய் வெடிக்கறதுக்கு முன்னாடியே அறுத்து கட்டி நிறுத்திருவாங்க, ஒரு நாள் அசந்தா பாதி எள்ளு நிலத்துல கொட்டிடும்.

ஹெப்பாள்வாசி:
அக்கா, தோல் விஷயம் சுத்தமா தெரியாது, ரொம்ப நன்றி. மாடும் இப்படித்தான் வந்துச்சா? அதுவும் வெளியூரா?

கோரமங்களா மாடுபிரியன்:
இல்ல சார், திமில் மாடு நம்ம துணைக்கண்டத்துலயே பழகினது. பலுச்சிஸ்தான் மெஹர்கர்ல ஏறக்குறைய 8000 வருஷத்துக்கு முன்னாடியே அதுக்கு சான்று இருக்கு. திமில் இல்லாத ஐரோப்பிய மாடு மேற்காசியாவுல தனியா பழக்கப்பட்டது. ரெண்டோட காட்டு மூதாதைகளும் பல லட்சம் வருஷம் முன்னாடியே பிரிஞ்சதுங்க, அத டிஎன்ஏ-லயே பாத்துட்டாங்க. யானை கத வேற, ஆயிரக்கணக்கான வருஷமா கூடவே வெச்சிருந்தும் பெரும்பாலும் காட்டுல புடிச்சுதான் பழக்கினோம், அதனால இன்னிக்கும் அது காட்டு யானையேதான், இனம் மாறல.

பெல்லாரிலேருந்து ஹொசபேட்டை போற வழில குடதினின்னு ஒரு ஊர், அங்க பெரிய சாம்பல் மேடு இருக்கு. ராட்சசன எரிச்ச சாம்பல்னு ஊர்ல கதை சொல்வாங்க, உண்மைல அது மாட்டுச் சாணம், பட்டி போட்ட இடத்துல சேத்து சேத்து எரிச்சிருக்காங்க, சூட்டுல சில இடத்துல கண்ணாடி மாதிரியே உருகிப் போயிருக்கு. இப்படி மேடுங்க கிமு 3000 வாக்குலேருந்து சுத்துப்பட்டுல நிறைய உருவாச்சு. தெலுங்கானா உட்னூர்ல தோண்டறப்ப மாட்டுக் குளம்புத் தடமே கிடைச்சது, எனக்கு அதப் படிச்சப்ப உடம்பே சிலிர்த்துச்சு. இவ்வளவு பக்கத்துல இருந்தும் நம்ம ஆளுங்க எல்லாம் ஹம்பி பாத்துட்டு திரும்பிடறாங்க, எனக்கு அது வருத்தம்தான்.

அல்சூர் தமிழன்:
போனா பெல்லாரி டவுன்லயே ராபர்ட் புரூஸ் ஃபூட் பேர்ல ஒரு மியூசியம் இருக்கு, பக்கத்துல இருக்கற சங்கனகல்லுங்கற புதிய கற்கால மலைல கிடைச்சதெல்லாம் அங்க வெச்சிருக்காங்க. 1863-ல சென்னை பல்லாவரத்துல கற்காலக் கைக்கோடாரி கண்டுபிடிச்ச அதே பிரிட்டிஷ் புவியியலாளர் ஃபூட்தான். முதல்ல அதப் பாத்துட்டு அப்புறம் குடதினி போங்க, அப்பதான் அந்த மேட்டுல நிக்கறப்ப எதப் பாக்கறோம்னு புரியும்.