ஹெராயின் அடிமைக்கு ஹெராயினே மருந்தா?

கதிரவன்:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஹெராயின் அடிமைக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயினையே சிகிச்சையாகக் கொடுப்பதற்கு நான் எதிர்க்கட்சி. கனடாவில் 2005 முதல் 2008 வரை ‘நயோமி’ என்றொரு மருத்துவ ஆய்வு நடந்தது. வான்கூவரிலும் மான்ட்ரியலிலுமாக 251 பேர். எல்லாரும் பல வருடப் பழக்கம் உள்ளவர்கள், ஏற்கெனவே மெத்தடோன் (ஹெராயினுக்குப் பதிலாகத் தரும் மாற்று மருந்து) சிகிச்சைக்குப் போய்த் தேறாமல் திரும்பியவர்கள். குலுக்கல் முறையில் பிரித்து, 115 பேருக்கு மருந்துத் தரத்தில் தயாரித்த ஹெராயின் ஊசி, 111 பேருக்குக் குடிக்கிற மெத்தடோன், மீதி 25 பேருக்கு ஹைட்ரோமார்ஃபோன் என்ற வலிமருந்து ஊசி என்று கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், சிகிச்சையில் நிலைத்தவர்கள் ஹெராயின் பக்கம் 87.8%, மெத்தடோன் பக்கம் 54.1%. 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. ஆகா, வெற்றி!

குடிகாரரிடம் தினமும் இலவசமாக ஒரு குவார்ட்டர் தருகிறேன் என்றால் வராமலா இருப்பார்? இதைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வு வேறு.

வசந்தி:
கதிரவன், நிலைத்தவர்கள் கணக்கோடு நிறுத்திவிட்டீர்கள். அதே கட்டுரையில் இன்னொரு வரி இருக்கிறது. கள்ளச்சரக்கோ வேறு சட்டவிரோதச் செயலோ குறைந்தவர்கள் ஹெராயின் பக்கம் 67.0%, மெத்தடோன் பக்கம் 47.7%. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வருகிறவர் வெளியிலும் வாங்கிக்கொண்டுதானே இருப்பார்?

“அவர்கள் வாய்ச்சொல்லை நம்புவதா” என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்குத்தான் பிரிட்டனில் செய்ததைப் பார்க்கச் சொல்கிறேன். லண்டன், டார்லிங்டன், பிரைட்டன் மூன்று இடங்களில் 127 பேர். மருத்துவமனை ஹெராயினும் தெரு ஹெராயினும் உடம்புக்குள் போய் ஒன்றாகத்தான் உடையும், ஆனால் தெருச்சரக்கு அபினியிலிருந்து அரைகுறையாகக் காய்ச்சியது, அதில் பாப்பாவெரின் போன்ற மிச்சங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிறுநீரில் அந்தத் தடத்தைத் தேடினார்கள். 14ஆம் வாரம் முதல் 26ஆம் வாரம் வரை, பாதி மாதிரிகளாவது தெருச்சரக்கின் தடம் இல்லாமல் கொடுத்தவர்கள் ஹெராயின் ஊசிப் பிரிவில் 72%. குடிக்கும் மெத்தடோனில் 27%. லான்செட், 2010.

கதிரவன்:
சிறுநீர்க் கணக்கு சரி. ஆனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியுமே! ஹெராயின் கிடைக்கும் என்று சேர்ந்தவருக்கு மெத்தடோன் விழுந்தால் அடுத்த வாரமே கழன்றுகொள்வார். அந்த ஏமாற்றத்தை மருந்தின் தோல்வியாக எழுதுகிறீர்கள். சுவிட்சர்லாந்தில் 1994இல் முதலில் இதைப் பெரிய அளவில் தொடங்கினார்களே, 1999இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னது? முன்னேற்றம் இருக்கிறது, அது ஹெராயினாலா, கூடவே கொடுத்த வீடு, வேலை, ஆலோசனை உதவிகளாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றது.

இன்னொன்று. நயோமியில் ஊசி போட்டவர்களில் 10 பேருக்கு ஓவர்டோஸ், 6 பேருக்கு வலிப்பு. அதை ஏன் யாரும் தலைப்பில் போடுவதில்லை?

பரா (ஸ்கார்பரோ):
நான் மருந்தகத்தில் மெத்தடோன் குடுக்கிற ஆள். அதைப்பற்றி மட்டும் சொல்லுகிறேன். டாங் என்கிற ஆரஞ்சுப் பானத்தில் கலந்து 100 மில்லிலிட்டராக்கி, எங்கள் கண்முன்னே குடிக்க வேண்டும். குடித்து முடிந்ததும் சும்மா ஏதாவது கதைக்கச் சொல்லுவோம். வாய்க்குள் வைத்திருந்து வெளியில் போய்த் துப்பி விற்கக்கூடாது என்பதற்காக. எங்கள் வாடிக்கையாளர்களில் கனபேருக்கு இது நல்லாக வேலை செய்கிறது. வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் கொஞ்சப்பேர் காலையில் இதைக் குடித்துவிட்டுப் பின்னேரம் ஊசியும் போடுவார்கள். அந்தக் கொஞ்சப்பேருக்குத்தான் இந்த ஆய்வு. மெத்தடோனைத் தூக்கி எறியச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

ஓவர்டோஸ் நடந்தது உண்மை. ஆனால் தாதி பக்கத்தில் நிற்க, ஒட்சிசனும் ஓவர்டோஸை முறிக்கிற நாலக்ஸோன் மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க நடந்தது. அதே ஆள் அதே அளவை ஒரு சந்துக்குள் தனிய இருந்து போட்டிருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே, கதிரவன் அண்ணை.

முகில்:
யாருடைய வரிப்பணம்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வசந்தி:
முகில், சுவிஸ்காரர்கள் தங்கள் வரிப்பணத்தைப் பற்றித் தாங்களே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். 2008 வாக்கெடுப்பில் 68% பேர் இதைச் சட்டத்தில் நிரந்தரமாகச் சேர்க்கலாம் என்றார்கள். ஜூரிக்கில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் பட்டப்பகலில் ஊசி போட்டதைப் பார்த்த ஜனங்கள் அவர்கள்.

யாருக்கு எந்த மருந்து என்பதை மறைக்கவில்லையே என்ற கதிரவனின் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கும் நயோமியிலேயே ஒரு சின்னப் பதில் இருக்கிறது. ஹைட்ரோமார்ஃபோன் வாங்கிய 25 பேருக்கும் ஊசியில் இருப்பது எது என்று சொல்லவில்லை, பக்கத்தில் நிற்கும் தாதிகளுக்கும் தெரியாது. பழுத்த அனுபவசாலிகளாலேயே அதை ஹெராயினிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு 2011 கடைசியில் தொடங்கிய ‘சலோமி’ ஆய்வில் 202 பேரை வைத்து இரண்டையும் நேருக்கு நேர், முழு மறைப்போடு ஒப்பிட்டார்கள். ஹைட்ரோமார்ஃபோன் ஹெராயினுக்குச் சளைத்ததல்ல என்று 2016இல் எழுதினார்கள். ஏற்கெனவே வலிமருந்தாகச் சட்டப்படி புழங்குகிற பொருள் அது. ஹெராயின் என்ற பெயரைக் கேட்டதும் அரசியல்வாதிக்கு வரும் காய்ச்சல் இதற்கு வராது.

கதிரவன்:
சரி, வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? நெதர்லாந்தில் 549 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வந்தது. நன்றாகத் தேறியவர்களுக்கு ஹெராயினை நிறுத்திப் பார்த்தார்கள். 115 பேரில் 94 பேர், அதாவது 82%, விறுவிறுவென்று பழைய நிலைக்குச் சரிந்துவிட்டார்கள். இது குணமா? கடைசிவரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நயோமியிலும் அப்படி நிறுத்தத்தான் செய்தார்கள். 12 மாதம் கொடுத்துவிட்டு, அடுத்த 3 மாதத்தில் வேறு சிகிச்சைக்கு மாற்றிவிட்டு, போய்வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மற்ற நாடுகளில் ஆய்வு முடிந்தும் கொடுக்க வழி செய்தார்கள். கனடாவில் அதுவும் இல்லை. இதில் யார் பலி? லூயி ஷார்லாண்ட் என்ற கனடியத் தத்துவவாதி 2002லேயே எழுதினார், ஹெராயின் அடிமையிடம் ஹெராயினை நீட்டிச் சம்மதம் கேட்டால் அது சுதந்திரமான சம்மதமே அல்ல என்று. படிவத்தில் எல்லாம் எழுதியிருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். நடுங்கும் கையோடு உட்கார்ந்திருப்பவர் ‘15ஆம் மாதம்’ என்ற பத்தியைப் படிப்பாரா?

பரா (ஸ்கார்பரோ):
அண்ணை, அந்தக் கடைசிப் பகுதியில் நானும் உங்கள் பக்கம்தான், ஆனால் ஷார்லாண்ட் சொன்னதை முழுக்க ஏற்க மாட்டன். காலையில் மருந்து குடித்து உடம்பு சமநிலையில் இருக்கிற நேரம் எங்கள் ஆட்கள் வங்கி, வக்கீல், வாடகை எல்லாம் தெளிவாகத்தான் பார்க்கிறார்கள். சம்மதத்தை அந்த நேரத்தில் கேட்கலாம். அதோடு, நயோமி முடிந்தபிறகு அதில் இருந்தவர்களே கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். தங்களுக்கு என்ன நடந்தது என்று தாங்களே எழுதினார்கள். யோசிக்க ஏலாத ஆட்கள் செய்கிற வேலை இல்லை அது.

வசந்தி:
சலோமிக்காரர்கள் நீதிமன்றம்வரை போனார்கள். 2013 செப்டம்பரில், ஆய்வை முடித்து வெளியே வந்த சிலருக்கு ஹெராயின் தர மத்திய சுகாதாரத் துறையே சிறப்பு அனுமதி கொடுத்தது. அடுத்த மாதமே சுகாதார அமைச்சர் ரோனா ஆம்ப்ரோஸ் விதியை மாற்றி அந்த வழியை அடைத்தார். நோயாளிகளும் கிளினிக்கை நடத்தும் பிராவிடன்ஸ் நிறுவனமும் வழக்குப் போட, 2014 மே மாதம் வான்கூவர் இருக்கும் மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் உச்ச நீதிமன்றம் அவர்களுக்காக அந்த விதிக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. அந்த வருட நவம்பரில் வான்கூவரின் கிராஸ்டவுன் கிளினிக்கில் ஆய்வுக்கு வெளியே முதல் ஊசி போட்டார்கள்.

கதிரவன்:
நீங்கள் சொல்வதே என் வாதத்துக்குத்தான் பலம். மருந்துக்காக நோயாளி வழக்காட வேண்டியிருந்தது. ஆய்வு முடிந்தபின் அதில் தேறிய சிகிச்சை பங்கேற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று, மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இருக்கிறது. நயோமி தொடங்கியது 2005இல். நெறிமுறைக் குழு அதைப் படித்திருக்க வேண்டாமா?

வசந்தி:
படித்திருப்பார்கள். ஆனால் டாக்டர் எழுதிக்கொடுக்கிற உறுதி அன்று இங்கே செல்லுபடியாகவில்லை. கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்த இந்த மருந்துக்குச் சாவி அமைச்சர் கையில் இருந்தது. ஆய்வுக்கு விதிவிலக்கு தருகிறவர், முடிந்தபின் என்ன என்பதையும் அதே கடிதத்தில் எழுதித்தர வேண்டும்.

கதிரவன்:
அந்த ஒரு நிபந்தனை இருந்தால் ஆய்வுக்கு என் எதிர்ப்பு பாதியாகும். மீதிப் பாதி அப்படியேதான்.

பரா (ஸ்கார்பரோ):
அந்த மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி. 2016 ஏப்ரலில் ஓவர்டோஸ் சாவுகளுக்காகப் பிரிட்டிஷ் கொலம்பியா அவசரநிலை அறிவித்ததுக்குப் பிறகு, அங்கே தெருவில் ஹெராயின் என்று விற்பதில், ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில்தான். ஒவ்வொரு பொட்டலமும் ஒவ்வொரு வீரியம். மெத்தடோனில் நிற்காத அந்தக் கொஞ்சப்பேரை அண்ணை எங்கே அனுப்பச் சொல்லுகிறீர்கள்?