புதுப்பிப்பு: எல்டிஎல் இல்லாத ரிப்போர்ட்டும் உணர்வில்லாத குதிக்காலும்

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: சீனி வருத்தமுள்ள வன்னி விவசாயி ஒருவர். இரத்த ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைட் (ஒருவகை இரத்தக் கொழுப்பு) 540 மி.கி./டெசிலீற்றர், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) இடம் வெறுமை. கால் உணர்வைச் சோதிக்கிற, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் நார் குதிக்காலில் படுவதே தெரியவில்லை. இவை ஏன், என்ன செய்யலாம்?

"12 மணித்தியாலம் வெறும் வயிறு, முதல் மூன்று நாளும் கள்ளு வேண்டாம்" என்றது சரிவந்தது. திரும்ப எடுத்தபோது ட்ரைகிளிசரைட் 310, எல்டிஎல்லும் வந்தது. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் எல்டிஎல்லைக் கணக்கிடும் வழமையான சூத்திரம் செல்லாது, அதனால்தான் முதலில் வெறுமை.

எதிர்பாராதது கால். வெறுங்காலோடு வயலுக்குள் நின்று குதித்தோல் காய்த்துப்போய், வெடிப்புக்குள் சேறு காய்ந்து கிடந்தது. காய்ப்பின் மேல் உணர்வு சரியாகத் தெரியாது, அங்கே சோதிக்கவே கூடாது. பெருவிரலின் அடிப்பக்கத்திலும் 1, 3, 5ஆம் விரல்களின் அடிமேட்டிலும், நார் வளையும்வரை அழுத்தி ஒரு விநாடி வைத்துப் பார்த்தோம். பெருவிரல்களில் மட்டும் உணர்வில்லை. அந்த ஒரு இடமே போதும், அது புண் வரும் ஆபத்துள்ள கால்தான்.

சீனி வருத்தக் குளிசையான மெட்போமின் பல வருடம் எடுப்பவருக்கு விற்றமின் பி12 (இது குறைந்தாலும் கால் விறைக்கும்) பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி: குறைவாகவே இருந்தது, ஊசி தொடங்கியாயிற்று. கொழுப்புக் குறைந்தால் விறைப்பும் போய்விடும் என்று அவருக்குச் சொல்லவில்லை, அதை நம்பி இருக்கமுடியாது. வயலுக்கு மூடின செருப்பு, இரவில் விளக்கடியில் பாதம் பார்ப்பது, இரண்டும் இன்றைக்கே தொடங்கவேண்டும்.