காணிக்கைக் கணக்கில் தவறு கண்டால் பேசுவதா, ஜெபித்துவிட்டு அமைதியாக இருப்பதா?

கேள்வி

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். நான் ஓர் ஊழிய அமைப்பில் கணக்கு எழுதுகிறேன். விதவைகளுக்கென்று வந்த காணிக்கையில், ஒரு மாதம் வைக்கப்பட்ட ரசீதின் ஜெராக்ஸ் நகலே, தேதி மட்டும் வேறு மையில் திருத்தப்பட்டு, அடுத்த மாதச் செலவுக்கும் ஒட்டப்பட்டிருந்தது. பொறுப்பாளரிடம் தனியே கேட்டேன். "நியாயந்தீர்க்காதிருங்கள் என்று வேதம் சொல்லவில்லையா?" என்றார். பேசினால் சபையின் பெயர் கெடும் என்கிறார்கள். பேசாவிட்டால் என் சாட்சி என்னாவது?

முதல் பதில்

அந்த வசனம் மத்தேயு 7-ஆம் அதிகாரத்தின் தொடக்கம். ஐந்தாம் வசனம் வரை வாசித்தால், முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றுதான் இயேசு சொல்கிறார். துரும்பை விட்டுவிடச் சொல்லவில்லை. கண்டதை அறிந்தும் தெரிவிக்காத சாட்சி தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்று லேவியராகமம் 5:1 கூறுவதையும் மறக்க வேண்டாம். பாவம் செய்த தாவீது அரசனின் முன் நின்ற தீர்க்கதரிசி நாத்தான், அரசனுடைய பெயரைக் காப்பாற்ற நினைத்திருந்தால், "நீயே அந்த மனுஷன்" என்று சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாவது பதில்

நான் ஒருமுறை இப்படிப்பட்ட தவற்றைக் கண்டு, ஜெபிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இரண்டு ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அது ஜெபமல்ல, பயம். உதவி கிடைக்காமல் திரும்பிப்போன ஒரு தாயின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

மூன்றாவது பதில்

சகோதரர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் சொல்லும் முறையும் முக்கியம். மத்தேயு 18:15-17 காட்டும் முதல் படியாகிய தனிச்சந்திப்பை நீங்கள் முடித்துவிட்டீர்கள். அடுத்தது ஒன்றிரண்டு பேரை உடன் அழைத்துச் செல்வது. மூப்பனுக்கு, அதாவது சபையை நடத்தும் பெரியவருக்கு, விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கவேண்டாம் என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்வதால், அந்த இரண்டு தாள்களின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். அதுவரை வேறு யாரிடமும் பேச வேண்டாம், அது புறங்கூறுதலாகிவிடும். பணத்தைப் பற்றிக் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், எருசலேமுக்கான தர்மப்பணத்தை அப்போஸ்தலனாகிய பவுல் தனியே கையாளாமல், யாரும் குறை சொல்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் உடன் சேர்த்துக்கொண்டதை 2 கொரிந்தியர் 8:18-21-இல் காட்டுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டு மூப்பர்களிடம் நேரம் கேட்டிருக்கிறேன். ரசீதுகளின் நகல்கள் என்னிடம் உள்ளன. அவரைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் என் உள்ளத்தில் வராதபடி ஜெபித்துக்கொள்ளுங்கள்.