அம்மாவின் தலைமுடி வேரில் செம்பட்டை, நுனியில் கறுப்பு. எப்படிச் சரிசெய்வது?

அக்காமார்களே, அவசரமாக ஒரு யோசனை வேண்டும். நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீட்டிலேயே பிரவுன் டை போட்டுவிட்டேன். பழைய கறுப்பு டை இருந்த நுனியில் நிறம் ஏறவே இல்லை. சாயத்தின் மேல் சாயம் போட்டால் வெளுக்காது என்பது அப்புறம்தான் தெரிந்தது. வேரில் நரை இருந்த இடமெல்லாம் பளீரென்று செம்பட்டை. தலைச்சூட்டில் அங்கே நிறம் சீக்கிரம் பிடித்துவிட்டது.

மீன் வாங்கப் போனாலும் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் போகிறார். பார்க்கவே மனசு கேட்கவில்லை. 12 நாளில் தம்பி கல்யாணம்.

வேருக்கு மட்டும் சாம்பல் சாயல் உள்ள, இன்னும் அடர்ந்த பிரவுன் போட்டால் செம்மை அடங்குமா? எத்தனை நாள் இடைவெளி விடணும்? பிளீச் வேண்டவே வேண்டாம். முன்பு கடைக் கறுப்பு மருதாணிப் பொடியும் பூசியிருக்கிறோம், அதில் உலோக உப்பு இருந்தால் பிளீச்சோடு சேர்ந்து முடி அறுந்துவிடும். எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. அலசுவதற்கு மட்டும் காவிரித் தண்ணீர் பிடித்து வைக்கட்டுமா? இந்த முறை காதுக்குப் பின்னால் கொஞ்சம் டை தடவி, அலர்ஜி வருகிறதா என்று 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். ராமநாதபுரத்தில் பொறுமையாகச் செய்கிற பார்லர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.