கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையறதெல்லாம் லேபா?

ரெக்கார்டுநோட்டு:
நேத்து ராத்திரி அட்மிஷன் இழையில நெம்புகோல் சார் ஒரு முத்து உதிர்த்துட்டுப் போயிருக்கார்: "சைக்காலஜியில லேபுன்னா கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையறதுதான். அதுக்கு எதுக்குய்யா பி.எஸ்சி.?" மூணு வருஷம் அந்த ரெக்கார்டு எழுதினவ நான். பலகையில நட்சத்திரம் ரெட்டைக் கோடா இருக்கும். கை தெரியாம ஒரு தட்டி மறைக்கும். கண்ணாடியில தெரியறதை மட்டும் பார்த்து, கோட்டைத் தொடாம பென்சிலை ஓட்டணும். இடது கையால ஒரு தடவை, வலது கையால பத்து, திரும்ப இடதுல ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் நேரமும் தப்பும் குறிக்கணும். வலது கை பழகினது இடது கைக்கும் ஒட்டுதான்னு பார்க்கறோம். கோலப்போட்டி நடத்தல.

நெம்புகோல்:
இவ்ளோ எழுதினப்புறமும் அது நட்சத்திரம்தானே மேடம்? எங்க பிசிக்ஸ் லேப்ல ஊசலை ஆட்டினா புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரும். சென்னையிலயும் அதான், சேலத்துலயும் அதான். உங்க நட்சத்திரத்துல என்ன வரும்? "சப்ஜெக்ட் சற்றே பதற்றமாகக் காணப்பட்டார்."

ரெக்கார்டுநோட்டு:
அந்த 9.8 வரணும்னு விடையிலேருந்து பின்னாடியே கணக்குப் போட்டு ரீடிங் எழுதினவங்கதானே நீங்க? எங்க ஹாஸ்டல்ல பிசிக்ஸ் பொண்ணுங்க விடிய விடிய அதைத்தான் செஞ்சாங்க.

கும்பகோணம்காபி:
குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். பொண்ணு பிளஸ் டூ காமர்ஸ். சைக்காலஜிதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறா. கரஸ்ல போடலாமா?

நெம்புகோல்:
போடலாம் சார், ஒரு கண்ணாடியும் பென்சிலும் வாங்கிக் குடுத்தா போதும் 😂

ரெக்கார்டுநோட்டு:
சிரிங்க. 1953ல அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு வலிப்புக்காக மூளையில ஆபரேஷன். அதுக்கப்புறம் புதுசா எதுவும் மனசுல நிக்கல. பிரெண்டா மில்னர்ங்கற உளவியலாளர் அவர்கிட்ட குடுத்தது எது தெரியுமா? இதே கண்ணாடி, இதே நட்சத்திரம். மூணு நாள் வரைய வெச்சாங்க. தப்பு நாளுக்கு நாள் குறைஞ்சுது. ஆனா முன்னாடி இதைச் செஞ்ச ஞாபகமே அவருக்கு இல்ல. மனசுக்கு ஞாபகம் இல்லாதது கைக்கு இருந்துது. ஞாபகம்ங்கறது ஒரே சரக்கு இல்லன்னு உலகத்துக்குக் காட்டினது உங்க ஊசல் இல்ல சார்.

நெம்புகோல்:
அங்க மூளையில ஆபரேஷன் ஆன ஆளு. உங்க காலேஜ்ல பக்கத்து பெஞ்சு தோழி. ரெண்டும் ஒண்ணா?

பழையசோறு:
அதென்ன எல்லாரும் சைக்காலஜி, சைக்காலஜின்னு? உளவியல்னு சொல்ல வாய் வலிக்குதா?

மலைக்கோட்டையான்:
எங்க காலத்துல மனோதத்துவம்னுதான் சொல்வோம். உளவியல்லாம் பின்னாடி வந்தது.

பழையசோறு:
வந்துட்டார்யா. போன மாசம் 'சாம்பார்' எந்த மொழிச் சொல்னு நாலு நாள் இழுத்தவர்.

மலைக்கோட்டையான்:
அதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லல.

ஆலமரத்தடி:
லேபை விடுங்கப்பா. பி.எஸ்சி. முடிச்ச மறுவாரமே இன்ஸ்டாகிராம்ல 'சைக்காலஜிஸ்ட்'னு போட்டுக்கிட்டு ஆலோசனைக்குக் காசு வாங்கறாங்களே, அதைப் பேசுங்க. கிளினிக்கல்னு சொல்லிக்கணும்னா எம்.எஸ்சி., அதுக்கு மேல ரெண்டு வருஷ எம்.ஃபில்., அப்புறம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவுன்னுதான் இதுவரைக்கும் வழக்கமா வந்திருக்காங்க. வெறும் மூணு வருஷத்துல எப்படி?

ரெக்கார்டுநோட்டு:
நான் அப்படிப் போட்டுக்கிட்டேனா? கம்பெனி ஒண்ணுல ஹெச்.ஆர்.ல இருக்கேன். கேள்வி லேபைப் பத்தி. 1879ல ஜெர்மனியில, லைப்சிக்ல வுண்ட்னு ஒருத்தர் சைக்காலஜிக்குன்னு ஆரம்பிச்சதுக்குப் பேரே ஆய்வகம்தான்.

நெம்புகோல்:
அவர் என்ன வரைஞ்சார்? நிலாவா?

ரெக்கார்டுநோட்டு:
முதல் வருஷமே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருந்துது சார் எங்களுக்கு. திட்ட விலக்கம், டி டெஸ்ட் எல்லாம் கையால போட்டோம். "மனசைப் படிக்கலாம்"னு வந்தவங்கள்ல பாதிப் பேர் அங்கதான் முழி பிதுங்கினாங்க. நீங்க வந்திருந்தாலும் பிதுங்கியிருக்கும்.

நெம்புகோல்:
டி டெஸ்ட் எதுக்குப் போட்டீங்க? நட்சத்திரத்துக்குத்தானே.

கும்பகோணம்காபி:
கரஸ் பத்தி யாராவது...

ஆலமரத்தடி:
காபி சார், கரஸ் கிடையாது. தொலைதூரக் கல்வியில சைக்காலஜி நடத்தக் கூடாதுன்னு 2025ல யு.ஜி.சி. நிறுத்திட்டுது. ரெகுலர்ல பாருங்க. காமர்ஸ்காரங்களை எடுக்கறாங்களான்னு ஒவ்வொரு காலேஜ்லயும் கேட்டுக்குங்க.

நெம்புகோல்:
பாருங்க, அரசாங்கமே நிறுத்திட்டுது 😌

ரெக்கார்டுநோட்டு:
தலைகீழாப் புரிஞ்சுக்கறதுக்கும் ஒரு திறமை வேணும். மருத்துவம் சார்ந்த படிப்புல சேர்த்ததாலதான் வீட்டுலேருந்து படிக்கக் கூடாதுன்னாங்க. அந்த நட்சத்திரத்தோட ஆறு முனையையும் ஒரு தடவை கோட்டைத் தொடாம சுத்தி வாங்க, அப்புறம் பேசலாம்.

நெம்புகோல்:
ஆறா? நட்சத்திரத்துக்கு அஞ்சு முனைதானே?

ரெக்கார்டுநோட்டு:
எங்க பலகையில ஆறு.

தாமரைக்குளம்:
எங்க காலேஜ்ல அஞ்சுதான் இருந்துது. நீங்க எந்த வருஷம்?